நேத்தும் 0.72, இன்னிக்கும் 0.72: மருந்து அளவுக் கணக்குல தப்பு வராம இருக்க நீங்க என்ன செய்யுறீங்க?

வார்டுக்குப் புதுசு:

அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பச்சைக்குழந்தைங்க ஐ.சி.யூ.வுல சேர்ந்து நாலு மாசம் ஆகுது. மூணு நாளா சரியா தூங்கல. அதான் இங்க எழுதுறேன்.

நாலாம் நம்பர் கட்டில்ல ஒரு பாப்பா. எடை 2.4 கிலோ. அமிகாசின்ங்கிற ஆன்டிபயாடிக் ஊசி ஓடிட்டிருந்துச்சு. முதல் நாள் டாக்டர் கிலோவுக்கு 15 வீதம் 36 மி.கி.ன்னு தெளிவா எழுதியிருந்தார். ரெண்டாம் நாள்ல இருந்து எங்க சார்ட்டுல "அமிகாசின் 0.72 மி.லி."ன்னு மட்டும் வந்துடுச்சு. யாரோ கணக்குப் போட்டு வசதிக்காக எழுதினது, அப்படியே காப்பி ஆகிட்டே வந்திருக்கு. நானும் முந்தின நாள் அதைப் பார்த்துத்தான் 0.72 கொடுத்தேன். அன்னிக்கு அது சரியாத்தான் இருந்துச்சு.

மூணாம் நாள் ராத்திரி ரெண்டு மணி. பழைய குப்பி தீர்ந்து, ஃபார்மஸியில இருந்து புதுசு வந்துச்சு. அதே கம்பெனி, அதே உயரம், அதே 2 மி.லி. குப்பி. நான் 1 மி.லி. சிரிஞ்ச்ல 0.72 இழுத்து, காற்றுக் குமிழி தட்டி எடுத்துட்டு, கையெழுத்துக்காக இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட காட்டினேன். அவங்க சிரிஞ்சைப் பார்க்கல. குப்பியைக் கையில எடுத்து, "இதுல எவ்வளவு இருக்கு?"ன்னு கேட்டாங்க.

"2 மி.லி. சிஸ்டர்"ன்னு சொன்னேன்.

"தண்ணிய கேக்கலம்மா, மருந்தைக் கேக்குறேன்."

திருப்பிப் படிச்சேன். 500 மி.கி. அதுவரைக்கும் வந்ததெல்லாம் 100 மி.கி. குப்பி. அது ஸ்டாக் இல்லேன்னு இதை அனுப்பியிருக்காங்க. என் சிரிஞ்ச்ல இருந்தது 36 இல்ல, 180 மி.கி. அஞ்சு மடங்கு. பாப்பாவுக்கு ஒரு சொட்டும் போகல, அங்கேயே கொட்டிட்டாங்க. சிஸ்டர் திட்டக்கூட இல்ல. ஆனா அமிகாசின் அதிகமானா காதும் கிட்னியும் என்ன ஆகும்னு பாடத்துல படிச்சவ நான். அந்தப் பாப்பாவோட அம்மா மறுநாள் காலையில என்னைப் பார்த்து சிரிச்சாங்க. என்னால நிமிர்ந்து பார்க்க முடியல.

ஃபார்முலா எனக்குத் தெரியும். தேவையானதை இருப்பதால வகுத்து, கரைசல் அளவால பெருக்கணும். பரீட்சையில இந்தப் பகுதியில நான் மார்க் விட்டதே இல்ல. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு, ஒரு பக்கம் மானிட்டர் கத்த, இன்னொரு குழந்தை அழ, அந்த ஃபார்முலா எங்க போச்சுன்னே தெரியல. நீங்கெல்லாம் வார்டுல நிஜமா எப்படிப் பண்றீங்க? சார்ட்டுல மி.லி. மட்டும் இருந்தா டாக்டர்கிட்ட மி.கி. எழுதித் தாங்கன்னு கேட்கலாமா? இவளுக்கு ஒண்ணும் தெரியலேன்னு நினைச்சுடுவாங்களோன்னு பயமா இருக்கு.


ஓய்வுபெற்ற சிஸ்டர்:

தங்கச்சி, முதல்ல ஒண்ணு. குப்பியைத் திருப்பிப் பார்த்த உங்க இன்சார்ஜுக்கு நான் இங்கிருந்தே கை கூப்புறேன். நான் 29 வருஷம் அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. அதுல பாதிக்கு மேல பிரசவ வார்டும் குழந்தைங்க வார்டும்தான்.

நீங்க கணக்குல தப்பே பண்ணல, கவனிச்சீங்களா? அன்னிக்கு ராத்திரி நீங்க கணக்கே போடல. முந்தின நாள் விடையை எடுத்து இன்னிக்குக் கேள்விக்குப் போட்டீங்க. 0.72-ங்கிறது ஒரு குறிப்பிட்ட குப்பிக்கு மட்டும் பொருந்துற விடை. குப்பி மாறினா அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. 36 மி.கி. அப்படி இல்ல, எந்தக் கம்பெனி குப்பி வந்தாலும் அந்தப் பாப்பாவுக்கு 36தான். அதனால சார்ட்டுல மி.லி. மட்டும் எழுதுறது ஆபத்து. டாக்டர்கிட்ட தாராளமா கேளுங்க. "சார், ஸ்ட்ரெங்த் மாறுது, மி.கி.யில எழுதிக் கொடுங்க"ன்னா எந்த நல்ல டாக்டரும் கோவிக்க மாட்டார். கோவிச்சாலும் கேட்டுத்தான் ஆகணும், ஊசியோட போய் நிக்கிறது நீங்கதானே.

நம்ம பேச்சுலயே ஒரு சிக்கல் இருக்கு. "மில்லி"ன்னு நாம எதைச் சொல்றோம்? வீட்டுல "ஐநூறு மில்லி மாத்திரை"ம்பாங்க, அது மி.கி. "அஞ்சு மில்லி டானிக்"ம்பாங்க, அது மி.லி. வார்டுலயும் அவசரத்துல "ரெண்டு மில்லி போடு"ன்னு சொல்றவங்களை நான் பார்த்திருக்கேன். மார்ஃபின் ஆம்பியூல் (உடைச்சு எடுக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பி) ஒரு மி.லி.யில 10 மி.கி.ன்னு வந்தா, ரெண்டு மி.கி.க்கும் ரெண்டு மி.லி.க்கும் பத்து மடங்கு வித்தியாசம். யாராவது "மில்லி"ன்னு நிறுத்தினா, கிராமா லிட்டரான்னு அந்த நிமிஷமே கேளுங்க. ஃபோன்ல ஆர்டர் வந்தா எண்ணை எழுத்தெழுத்தாத் திருப்பிச் சொல்லுங்க. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி ரெண்டும் ஃபோன்ல ஒண்ணாத்தான் கேக்கும். "ஒன் ஃபைவ்"னு சொன்னா குழப்பமில்ல.

இப்போ நான் எப்படிப் போடுவேன்னு சொல்றேன். நான் ஃபார்முலாவுல ஆரம்பிக்கவே மாட்டேன். குப்பியைக் கையில வச்சுக்கிட்டு, இதுல எத்தனை பங்கு இந்தக் குழந்தைக்குன்னு மனசுல ஒரு குத்துமதிப்பு பார்ப்பேன். உங்க பாப்பாவையே எடுத்துக்குவோம். கிலோவுக்கு 15 மி.கி. ரெண்டு கிலோன்னா 30, மூணு கிலோன்னா 45. 2.4 கிலோவுக்கு ரெண்டுக்கும் நடுவுல வரணும், 36 வருது, சரி. குப்பியில 100 இருந்தா, 36-ங்கிறது மூணுல ஒரு பங்கு சொச்சம். 2 மி.லி.யில மூணுல ஒரு பங்கு சொச்சம்னா முக்கால் மி.லி. கிட்ட. சிரிஞ்ச்ல 0.72 நியாயமாத் தெரியுது.

அதே குப்பியில 500 இருந்தா? 36-ங்கிறது பத்துல ஒரு பங்குகூட இல்ல. 2 மி.லி.யில பத்துல ஒண்ணு 0.2. அப்போ விடை 0.2-க்கும் கீழதான் இருந்தாகணும். கையில 0.72 இருந்தா, பேனா பேப்பர் எடுக்கிறதுக்கு முன்னாடியே மனசு "நில்லு"ன்னு சொல்லிடும். கணக்குப் போட்டா 0.144 வரும். குத்துமதிப்பு முதல்ல, கணக்கு அப்புறம். இந்த வரிசையை மாத்தாதீங்க. புள்ளி இடம் மாறி வர்ற பத்து மடங்குத் தப்பெல்லாம் கால்குலேட்டர் சரியாப் போட்டுக் கொடுத்த மாதிரியேதான் இருக்கும். அதைக் குத்துமதிப்புதான் காட்டிக் கொடுக்கும்.

0.144-ஐ எந்த சிரிஞ்ச்லயும் நேர்மையா எடுக்க முடியாது. 1 மி.லி. சிரிஞ்ச்ல சின்னக் கோடு ஒண்ணு 0.01. மிச்சம் இருக்கிற 0.004-க்கு எங்க போவீங்க? அப்போ கலக்கணும். 500 குப்பியில இருந்து சரியா 1 மி.லி. எடுத்தா அதுல 250 மி.கி. அதோட 4 மி.லி. நார்மல் சலைன் (உப்புத் தண்ணி) சேர்த்தா மொத்தம் 5 மி.லி. ஒரு மி.லி.யில 50. இப்போ 36-க்கு எவ்வளவு? திரும்பவும் 0.72. ஆனா இந்த 0.72 நீங்க செஞ்சது. கலக்கின சிரிஞ்ச் மேல உடனே பிளாஸ்டர் ஒட்டி "அமிகாசின், 1 மி.லி.யில 50 மி.கி.", தேதி, நேரம் எழுதணும். பேர் இல்லாத சிரிஞ்சை ட்ரேயில வச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பாதீங்க. 1 மி.லி. சிரிஞ்ச் தீர்ந்துடுச்சுன்னு இன்சுலின் சிரிஞ்ச்ல எடுக்குறதையும் தயவுசெஞ்சு விட்டுடுங்க. அதுல இருக்கிற கோடு மி.லி. கோடு கிடையாது.

எடுத்து முடிச்ச பிறகு பின்னாலிருந்து ஒரு கணக்கு போடுவேன். சிரிஞ்ச்ல இருக்கிறது 0.72. ஒரு மி.லி.யில 50. பெருக்கினா 36. எடையால வகுத்தா 15. டாக்டர் சொன்ன கிலோவுக்குப் பதினஞ்சு வந்துடுச்சு. உங்க சிரிஞ்ச்ல அன்னிக்கு 0.72-ஐ 250-ஆல பெருக்கியிருந்தா 180, வகுத்தா கிலோவுக்கு 75. அந்த எண்ணைப் பார்த்தா யாருக்கும் கை நடுங்கும்.

எடையை ஒரு தடவை நீங்களே போடுங்க. 2400 கிராம், 2.4 கிலோ, ரெண்டையும் எழுதுங்க. பெரிய பிள்ளைங்கன்னா அம்மா சொல்ற எடை போன வருஷத்து எடையா இருக்கும்.

இப்போ என் கதை. 1996. வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். ராத்திரி ஒரு அம்மாவைக் கொண்டு வந்தாங்க, ஒன்பதாம் மாசம், வழியிலேயே ஃபிட்ஸ். டாக்டர் "மேக்சல்ஃப் நாலு கிராம், இருபது பர்சென்ட், இருபது மி.லி., ஐ.வி. ரெடி பண்ணும்மா"ன்னார். மேக்சல்ஃப்னா மெக்னீசியம் சல்ஃபேட், ஃபிட்ஸை நிறுத்துற மருந்து. நமக்கு வர்றது 50 சதவீதம். 2 மி.லி. ஆம்பியூல் ஒண்ணுல ஒரு கிராம். என் காதுல விழுந்தது "இருபது மி.லி." மட்டும். மளமளன்னு உடைச்சு 20 மி.லி. நிரப்பிட்டேன். சிஸ்டர் ஒருத்தங்க வந்து, சிரிஞ்சைத் தொடாம, கிட்னி ட்ரேயில கிடந்த காலி ஆம்பியூலை விரலால ஒவ்வொண்ணா நகர்த்தி எண்ணினாங்க. பத்து.

"நாலு கிராமுக்குப் பத்து ஏன்டி உடைச்சே?"

நாலு ஆம்பியூல், அதாவது 8 மி.லி., அதோட 12 மி.லி. டிஸ்டில்டு வாட்டர். அப்போதான் 20 மி.லி.யில நாலு கிராம், இருபது சதவீதம். நான் வச்சிருந்தது பத்து கிராம். அதை நரம்புல ஏத்தியிருந்தா மூச்சு நின்னிருக்கும். அந்த அம்மாவுக்குச் சரியான டோஸ் போச்சு, விடியக்காலையில பொண்ணு பொறந்தது. அன்னிக்கு இருந்து ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஊசி போட்டு முடிக்காம காலி ஆம்பியூலை நான் குப்பையில போட்டதில்ல. சிரிஞ்ச்ல இருக்கிற தண்ணி எதையும் சொல்லாது. காலி ஆம்பியூல்தான் சாட்சி.

ஒரு டோஸுக்கு ரெண்டு மூணு ஆம்பியூலுக்கு மேல உடைக்க வேண்டி வந்தா, கை தானா நிக்கணும். பெரும்பாலும் எங்கயோ தப்பு. இதே மேக்சல்ஃப் ஒரு விதிவிலக்கு: தசையில போடுறப்போ ஒவ்வொரு பக்கத்துக்கும் 5 கிராம், அதாவது அஞ்சு அஞ்சு ஆம்பியூல், மொத்தம் பத்து நிஜமாவே வேணும். அதனாலதான் நிறுத்தி, எதுக்குன்னு கேட்டு, எண்ணி உடைக்கணும்.

சதவீதம் பத்தி ஒரு சுருக்கு வழி. 1 சதவீதம்னா 100 மி.லி.யில 1 கிராம். அப்போ ஒரு மி.லி.யில 10 மி.கி. சதவீத எண்ணைப் பத்தால பெருக்கினா, ஒரு மி.லி.யில எத்தனை மி.கி.ன்னு வந்துடும். லிக்னோகெயின் 2 சதவீதம், 20 மி.கி. மேக்சல்ஃப் 50 சதவீதம், 500 மி.கி. அட்ரினலின் மட்டும் வேற பாஷையில எழுதியிருக்கும். ஆயிரத்துல ஒண்ணுன்னா ஒரு மி.லி.யில 1 மி.கி. பத்தாயிரத்துல ஒண்ணுன்னா 0.1 மி.கி. அலர்ஜி அதிர்ச்சியில தொடையில போடுறது முதலாவது. இதை எமர்ஜென்சி ட்ரே மேலயே எழுதி ஒட்டி வையுங்க, அந்த நேரத்துல யாருக்கும் ஞாபகம் வராது.

எழுதுறப்போ 5-ஐ 5.0ன்னு எழுதாதீங்க, புள்ளி மங்கினா 50. அரையை .5ன்னு எழுதாதீங்க, 0.5ன்னு முன்னாடி பூஜ்யம் வேணும். யூனிட்டுக்கு இங்கிலீஷ் யூ எழுத்தைப் போட்டா அது பூஜ்யம் மாதிரி தெரிஞ்சு நாலு யூனிட் நாற்பது ஆகும், முழுசா எழுதுங்க.

ரெண்டாவது ஆள் சரிபார்க்குறது பத்திக் கடைசியா. "சிஸ்டர், 0.72 சரிதானே?"ன்னு கேட்டா எல்லாரும் சரின்னுதான் சொல்வாங்க. விடையைச் சொல்லாதீங்க. ஆர்டரையும் குப்பியையும் எடையையும் கொடுத்து, "நீங்க ஒரு தடவை போடுங்க"ன்னு சொல்லுங்க. ரெண்டு பேரும் தனித்தனியாப் போட்டு ஒரே விடை வந்தாத்தான் அது டபுள் செக். ஹெப்பாரின், இன்சுலின், பொட்டாசியம், பச்சைக்குழந்தைக்குப் போற எதுவா இருந்தாலும் இதை விடவே விடாதீங்க.

தூங்குங்கம்மா. நடந்ததை வார்டு ரெஜிஸ்டர்ல எழுதிடுங்க. உங்க பேருக்காக இல்ல, அதே குப்பி அடுத்த வார்டுக்கும் போயிருக்கும்.


மெடிக்கல்ல நிக்கிறவர்:

நான் பி.பார்ம். முடித்து, பத்து வருடமாக ஒரு ஆஸ்பத்திரி ஃபார்மஸியில் இருக்கிறேன். கவுன்டருக்கு உள்ளே இருக்கும் எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அமிகாசின் 100, 250, 500 என்று மூன்று அளவில் வருகிறது. மூன்றுமே 2 மி.லி. குப்பிதான். ஸ்ட்ரெங்த் மாற்றிக் கொடுக்கும்போது நாங்கள் ஃபோன் போட்டு வார்டுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் இப்போது மாற்றுக் குப்பி போகும் கவரின் மேல் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எண்ணை வட்டமிட்டு அனுப்புகிறேன். உங்கள் ஃபார்மஸியிலும் கேட்டு வாங்குங்கள்.

வெளியே வீட்டில் நடப்பது இதைவிட அதிகம். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளது ஒன்று, 250 மி.கி. உள்ளது இன்னொன்று. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. சின்ன பாட்டில் என்பதால் டிராப்ஸ் லேசான மருந்து என்று நினைக்கிறார்கள். மூன்றிலும் கெட்டியானது அதுதான்.

எட்டு கிலோ குழந்தை, கிலோவுக்கு 15 மி.கி. என்றால் ஒரு வேளைக்கு 120 மி.கி. முதல் சிரப்பில் அது 5 மி.லி., இரண்டாவதில் 2.4 மி.லி., டிராப்ஸில் 1.2 மி.லி. பக்கத்து வீட்டு அக்கா "ஒரு மூடி அஞ்சு மில்லி கொடு" என்று சொன்னதை நம்பி டிராப்ஸில் 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போகிறது. நான் கவுன்டரில் அம்மாக்களிடம் வேண்டிக் கேட்பது இரண்டே விஷயம்: குழந்தையின் எடையைச் சொல்லுங்கள், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பாட்டிலைக் கொண்டு வந்து காட்டுங்கள். இருமல், சளி மருந்துகள் சிலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும், அது அவர்களுக்குத் தெரிவதில்லை. சமையலறைக் கரண்டியில் அளக்க வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கிப் போனால் போதும். டெங்கு காலமாக இருந்தால் இபுபுரூஃபென் கலந்த சிரப்பை டாக்டர் சொல்லாமல் கேட்காதீர்கள், இரத்தக்கசிவுக்கு வழி செய்யும்.


அம்மாவுக்கு ஊசி போடுறவன்:

நான் நர்ஸ் இல்ல, டூ வீலர் மெக்கானிக். ஆனா இந்தத் திரியைப் படிச்சதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. எங்க வீட்டுல நடந்தது இதேதான்.

அம்மாவுக்கு 68 வயசு. ஆறு வருஷமா இன்சுலின். காலையில 20 பாயிண்ட், ராத்திரி 12 பாயிண்ட். நான்தான் போடுவேன். போன வருஷம் வளைகுடாவுல இருக்கிற தங்கச்சி லீவுக்கு வந்தப்போ, அம்மாவுக்குன்னு அதே பேர் இன்சுலின் நாலு பாட்டில் ஐஸ் பையில வச்சுக் கொண்டு வந்தா. பேர் ஒண்ணு, டப்பா கலர் ஒண்ணு. எங்ககிட்ட இருந்த சிவப்பு மூடி சிரிஞ்ச்ல வழக்கம்போல 20 வரைக்கும் இழுத்துப் போட்டேன். ரெண்டு மணி நேரத்துல அம்மா நைட்டியெல்லாம் நனையுற மாதிரி வேர்த்து, என்னைப் பார்த்து எங்க அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. மெஷின்ல பார்த்தா 41. சர்க்கரைத் தண்ணி கொடுத்து, 108-க்கு அடிச்சு, ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தித்தான் தெளிஞ்சாங்க.

அங்க இருந்த டாக்டர் பாட்டிலைப் பார்த்துட்டு "இது நூறு, உங்க சிரிஞ்ச் நாற்பது"ன்னு மட்டும் சொன்னார். மிச்ச மூணு பாட்டிலையும் பயத்துல தூக்கிப் போட்டுட்டேன். இன்னிக்கு வரைக்கும் நான் எவ்வளவு போட்டேன்னு எனக்கே தெரியாது. சிஸ்டர், கொஞ்சம் புரியுற மாதிரி சொல்வீங்களா?


ஓய்வுபெற்ற சிஸ்டர்:

தம்பி, சர்க்கரைத் தண்ணி கொடுத்ததும் 108-ஐக் கூப்பிட்டதும் அம்மாவைக் காப்பாத்தியிருக்கு. அதை முதல்ல மனசுல வையுங்க.

நம்ம ஊர்ல சாதாரணமா கிடைக்கிற இன்சுலின் பாட்டில்ல ஒரு மி.லி.க்கு 40 யூனிட். நீங்க பாயிண்ட்னு சொல்றது இந்த யூனிட்தான். சிவப்பு மூடி சிரிஞ்ச் அந்த 40-க்குன்னே கோடு போட்டது, நிறைய இழுத்தா ஒரு மி.லி., அங்க 40ன்னு இருக்கும். வெளிநாட்டுல பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 100 யூனிட், அதுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். உங்க சிவப்பு சிரிஞ்ச்ல 20-ங்கிற கோடு சரியா அரை மி.லி. பழைய பாட்டில்னா அரை மி.லி.யில 20. தங்கச்சி கொண்டு வந்ததுல அரை மி.லி.யில 50. அம்மாவுக்கு அன்னிக்குப் போனது 50 பாயிண்ட், ரெண்டரை மடங்கு.

தலைகீழாவும் நடக்கும். 40 பாட்டிலை ஆரஞ்சு சிரிஞ்ச்ல 20 வரை இழுத்தா உள்ள போறது 8 யூனிட்தான். சுகர் ஏறிக்கிட்டே போகும், டாக்டர் டோஸை ஏத்திக்கிட்டே போவார், காரணம் யாருக்கும் புரியாது. பிறகு ஒரு நாள் யாராவது சரியான சிரிஞ்ச் வாங்கி வருவாங்க. அன்னிக்கு ஏத்தின டோஸ் முழுசும் உள்ள போகும்.

பாட்டில் மேல 40-ஆ 100-ஆன்னு படிங்க. சிரிஞ்ச் உடம்பு மேலயும் அதே எண் இருக்கான்னு பாருங்க. மூடி நிறம் அதுக்கு அப்புறம்தான். ரெண்டு எண்ணும் ஒத்துப் போகலேன்னா கணக்குப் போட்டுச் சரிபண்ண முயற்சி பண்ணாதீங்க, சரியான சிரிஞ்ச் வாங்கிட்டு வாங்க. நம்ம ஊர்லயும் சில புது வகை இன்சுலின் 100 பாட்டில்ல வருது, பேனாவுல போடுற கார்ட்ரிட்ஜ் 100தான். பேனா ரிப்பேர்னு கார்ட்ரிட்ஜ்ல இருந்து சிவப்பு சிரிஞ்ச்ல இழுக்கிற வீடுகளைப் பார்த்திருக்கேன், அது கூடவே கூடாது. சுகர் 70-க்குக் கீழ போய் அம்மா தெளிவா இருந்தா மூணு ஸ்பூன் சர்க்கரை கரைச்சுக் கொடுத்து, பதினஞ்சு நிமிஷத்துல திரும்பப் பாருங்க. நினைவு இல்லேன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, நேரா 108.


வார்டுக்குப் புதுசு:

அக்கா, உங்க பதிலைப் பிரிண்ட் எடுத்து லாக்கர்ல வச்சிருக்கேன். ரெஜிஸ்டர்ல எழுதிட்டேன். எழுதும்போது அழுதுட்டேன், ஆனா எழுதிட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் அதை நர்சிங் சூப்பரின்டென்டென்ட்கிட்ட கொண்டு போனாங்க. இப்போ எங்க சார்ட்டுல மி.கி. ஒரு கட்டம், "1 மி.லி.யில் எவ்வளவு" ஒரு கட்டம், அதுக்கு அப்புறம்தான் மி.லி. கட்டம். குப்பியைப் பார்க்காம நடுக் கட்டத்தை நிரப்ப முடியாது.

ஆள் இல்லேன்னு ரெண்டு நாளா என்னைப் பெரிய பிள்ளைங்க வார்டுல போட்டிருக்காங்க. நான் போட்ட கணக்கு ஒண்ணு சரியான்னு பாருங்க. 12 கிலோ பையன், செஃப்ட்ரியாக்சோன் (இதுவும் ஆன்டிபயாடிக்), கிலோவுக்கு 50 மி.கி. குத்துமதிப்பு: பத்து கிலோன்னா 500, அதுக்கு மேல கொஞ்சம். கணக்கு: 600 மி.கி. ஒரு கிராம் பவுடர் குப்பி, பாதிக்கு மேல வேணும். 10 மி.லி. தண்ணி சேர்த்தேன், ஒரு மி.லி.யில 100, அப்போ 6 மி.லி. பின்னாலிருந்து: 6 பெருக்கல் 100, 600, வகுத்தல் 12, ஐம்பது.


ஓய்வுபெற்ற சிஸ்டர்:

போட்ட விதம் ரொம்ப அழகு தங்கச்சி. ஒரே ஒரு இடம். பவுடரும் இடம் பிடிக்கும். ஒரு கிராம் செஃப்ட்ரியாக்சோனுக்கு 9.6 மி.லி. சேர்த்தாத்தான் மொத்தம் 10 மி.லி. வந்து, ஒரு மி.லி.யில 100 இருக்கும். நீங்க 10 சேர்த்ததால குப்பியில 10.4 ஆகிடுச்சு, ஒரு மி.லி.யில 96 சொச்சம், 6 மி.லி.யில 577 கிட்ட. பன்னிரண்டு கிலோ பையனுக்கு இது பெரிய குறை இல்ல. ஆனா பச்சைக்குழந்தைங்க வார்டுக்குத் திரும்பிப் போனதும் சின்னக் குப்பியில ஒரு மி.லி., ரெண்டு மி.லி. சேர்த்துக் கலக்குவீங்க, அங்க இதே வித்தியாசம் பெருசாத் தெரியும். எவ்வளவு சேர்க்கணும்னு குப்பியோட வர்ற தாள்ல போட்டிருக்கும், மருந்துக்கு மருந்து மாறும். அந்தத் தாளைக் கசக்கிப் போடாதீங்க.

இன்னொண்ணு, ரிங்கர் லாக்டேட் டிரிப் ஓடுற லைன்ல செஃப்ட்ரியாக்சோனைப் போடாதீங்க. அதுல கால்சியம் இருக்கு, சேர்ந்தா படிஞ்சுடும்.


வார்டுக்குப் புதுசு:

தாளை எடுத்துப் பார்த்தேன் அக்கா, 9.6ன்னுதான் போட்டிருக்கு. நாலு மாசமா அந்தத் தாளை நான் பிரிச்சதே இல்ல.

நாலாம் கட்டில் பாப்பா நேத்து டிஸ்சார்ஜ். எடை 2.62 கிலோ. கிட்னி டெஸ்ட் சரியா இருக்கு, காது டெஸ்டுக்குத் தேதி கொடுத்திருக்காங்க, அமிகாசின் போட்ட எல்லாப் பிள்ளைங்களுக்கும் கொடுக்கிறதுதான். கிளம்பும்போது அந்த அம்மா வைட்டமின் டி டிராப்ஸ் பாட்டிலை நீட்டி, "ஒரு மில்லிதானேம்மா? என் அக்கா பொண்ணுக்கு அப்படித்தான் கொடுத்தாங்க"ன்னு கேட்டாங்க.

வாங்கித் திருப்பிப் படிச்சேன். ஒரு மி.லி.யில 800 யூனிட். டாக்டர் எழுதினது தினமும் 400. அந்த அக்கா பொண்ணு பாட்டில் 400-ஆ இருந்திருக்கும். சீட்டையும் பாட்டிலையும் கூட இருந்த சிஸ்டர்கிட்ட கொடுத்து, விடை சொல்லாம அவங்களையும் போடச் சொன்னேன். அவங்களும் அரை மி.லி.ன்னாங்க. டிராப்பர்ல 0.5 கோட்டுல மைக்ரோபோர் பிளாஸ்டரை மெல்லிசா வெட்டிச் சுத்தி ஒட்டினேன். அந்த அம்மாவை ஒரு தடவை அந்த ஒட்டு வரைக்கும் இழுத்துக் காட்டச் சொன்னேன். முதல் தடவை கொஞ்சம் மேல போச்சு. ரெண்டாவது தடவை சரியா நிறுத்தினாங்க.